பாதிப் பாட்டில் பொன்னாடை

சனிக்கிழமை, இரவு

மூத்த பேரன் டாக்டருக்குப் படிக்கிறான். சின்னவன் என்எஸ் ராணுவச் சேவையில் சார்ஜென்ட் ஆகிவிட்டான். இன்று பேத்தி மீனா முதல் தடவையாக மேடையில் சாக்ஸபோன் வாசித்தாள். இந்த சீசனில் வாரம் ஒரு வாத்தியத்துக்கு ஜாஸ் கச்சேரி. இது அவள் வாரம்.

தேக்கா கடைத்தெருவில் பொன்னாடை வாங்கிப் போயிருந்தேன். "முடிஞ்ச பிறகுதான் போடணும்மா" என்று மகன் சொல்லியிருந்தான். மீனா தனியாக வாசித்து நிறுத்தியதும் எல்லாரும் கை தட்டினார்கள். முடிந்துவிட்டது என்று நினைத்து மேடை ஏறிவிட்டேன். டிரம்ஸ் நிற்கவே இல்லை. ஜாஸில் பாட்டுக்கு நடுவிலேயே கை தட்டுவார்களாம், எனக்கு எப்படித் தெரியும்? பிள்ளையின் முதல் மேடையைக் கெடுத்துவிட்டேனே என்று பொன்னாடையை மடித்துக்கொண்டு இறங்கப் பார்த்தேன்.

மீனா சிரித்துக்கொண்டே குனிந்தாள். "சீக்கிரம் போடுங்க பாட்டி, மறுபடி வாசிக்கணும் லா!"

போர்த்தினேன். கடைசிவரை அதோடுதான் வாசித்தாள். முடிந்ததும் பியானோ வாசித்த சீனர் என்னிடம் வந்து, "ஆன்ட்டி, எனக்கு எங்கே?" என்று கேட்டார்.

குடும்ப வாட்ஸ்அப்பில் இன்னும் அவளுடைய பள்ளிச் சீருடைப் படம்தான் இருக்கிறது. காலையில் முதல் வேலையாக மகனிடம் இன்று மேடையில் எடுத்த படத்தைப் போடச் சொல்ல வேண்டும். சாக்ஸபோனும் பொன்னாடையும் முழுசாகத் தெரியட்டும். நான் பாதி தெரிந்தால் போதும்.