ஓடாத 6.50 வண்டியில் ஏறிய ஐம்பத்தெட்டுப் பேர்

அனுப்புநர்:
கு. இசக்கித்தாய் (வயது 43),
த/பெ. குற்றாலலிங்கம்,
மூன்று விளக்கு அருகில்,
விக்கிரமசிங்கபுரம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
திருநெல்வேலி.

பொருள்: விக்கிரமசிங்கபுரம் – வண்ணார்பேட்டை காலை 6.50 பேருந்து நடையை மீண்டும் இயக்கிடவும், 04.08.2025 அன்று சேரன்மகாதேவியில் நிறுத்தப்பட்ட சுற்றுலாப் பேருந்தின் ஓட்டுநர் மீதான நடவடிக்கையைக் கைவிடவும் வேண்டுதல் – வாட்ஸ்அப் குழு நிர்வாகியின் விளக்கம் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகன ஆய்வாளர் அவர்கள் என் கையில் நேரில் கொடுத்த அறிவிப்பு, நாள் 04.08.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் கொக்கிரகுளத்தில் ஒரு தட்டச்சு நிலையத்தில் பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று பிறருக்காக நான் தட்டிய மனுக்களுக்குக் கணக்கில்லை. எனக்காக எழுதுவது இதுவே முதல் மனு. பிறர் மனு என்றால் ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிடுவேன். இது நீண்டுவிட்டது. பொறுத்தருள வேண்டுகிறேன்.

2. அறிவிப்பில் என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டுள்ளன. இல்லாத பேருந்து ஓடுவதாகச் செய்தி பரப்பியது யார்? எதற்காக? முதல் கேள்விக்குப் பதில்: நாங்கள் நான்கு பேர். இரண்டாவது கேள்விக்கு ஒரு வரியில் பதில் எழுதிப் பார்த்தேன், வரவில்லை. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

3. கோமளராணி என்ற தனியார் பேருந்து காலை 6.50-க்கு மூன்று விளக்கு நிறுத்தத்தில் எடுத்து, அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், சேரன்மகாதேவி, பத்தமடை வழியாக 8.25-க்கு வண்ணார்பேட்டையில் எங்களை இறக்கிவிடும். அதன் நடத்துநர் திரு. பெருமாள்ராஜ் ‘6.50 வண்டி’ என்று ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். வண்டி கிளம்பியதும் “மூணு வெளக்கு எடுத்தாச்சு” என்று போடுவார். அதைப் பார்த்து அம்பையில் இருப்பவர் சட்டை மாட்டுவார். வீரவநல்லூரில் இருப்பவர் இட்லிச் சட்டியை அடுப்பில் ஏற்றுவார். பத்தமடைக்காரர் அப்போதுதான் படுக்கையை விட்டு எழுவார். குழுவில் எழுபத்தொரு பேர் இருந்தோம். ஒருவர் மகளுக்குப் பிரசவத்தின்போது இரத்தம் தேவைப்பட்டது இந்தக் குழுவில்தான் தெரிந்தது. வண்டி வண்ணார்பேட்டை சேருமுன் மூன்று பேர் தயாராகிவிட்டார்கள். பண்டிகை நாள் என்றால் பலகாரம் முன் சீட்டிலிருந்து பின் சீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் டப்பா காலியாகிவிடும்.

4. கடந்த 02.06.2025 முதல் நிறுவனம் அந்த நடையை நிறுத்தி, வண்டியைத் திசையன்விளைப் பக்கம் கொண்டுபோய்விட்டது. காலை நடையில் போதிய ஆள் இல்லை என்று தங்கள் அலுவலகத்துக்கு எழுதிக் கொடுத்ததாக அறிகிறேன். பெருமாள்ராஜ் அண்ணாச்சியும் வண்டியோடு போனார். “எல்லாரும் நல்லா இருங்க. நான் கெளம்புதேன்” என்று போட்டுவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். அடுத்த வரியில், யாரும் கேட்காமலேயே, நான் நிர்வாகி ஆக்கப்பட்டிருந்தேன். அந்தப் பதவியை நான் நாடியதில்லை என்பதைப் பணிவுடன் பதிவு செய்கிறேன்.

5. அதன்பின் ஒவ்வொருவராகப் போனார்கள். சிலர் கும்பிட்ட கைப் படம் போட்டுவிட்டுப் போனார்கள். சிலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் மதியம் நான் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து மூடுவதற்குள் பதினோரு பேர் போயிருந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியே இல்லாத வண்டிக் குழுவில் எதற்கு இருக்க வேண்டும்? ஆனால் மஹாலக்ஷ்மி போனது மட்டும் எனக்கு ஆறவில்லை. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். ஆறு வருடமாக அம்பை தாண்டியதும் என் தோளில் சாய்ந்து தூங்குவாள். மூன்றாம் நாளே, ஒரு வார்த்தை இல்லாமல், வெளியேறிவிட்டாள். இந்த மனுவுக்கு அது சம்பந்தமில்லாதது என்று ஒருமுறை அழித்தேன். பிறகு திரும்பவும் தட்டிவிட்டேன்.

6. ஜூன் கடைசியில் நான்கு பேர் மிஞ்சினோம். நான், அம்பையில் ஏறும் மருத்துவமனைக் காவலாளி வன்னியராஜ் அண்ணன், கல்லூரியில் கணக்கு விரிவுரையாளராக இருக்கும் கல்லிடைக்குறிச்சி ஹம்ஸினி, வண்ணார்பேட்டையில் செல்போன் பழுது பார்க்கும் பத்தமடை யஹ்யா. எங்களுக்குள் பெரிய பழக்கமெல்லாம் இல்லை. வன்னியராஜ் அண்ணன் நான்கு வருடத்தில் கட்டைவிரல் படத்தைத் தவிர வேறெதுவும் போட்டதில்லை. நால்வரும் ஏன் போகவில்லை என்றால், அடுத்தவர் தனியாகிவிடுவாரே என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம். இது பின்னால்தான் தெரிந்தது.

7. ஜூலை 7, திங்கட்கிழமை. வேறு வழியில்லாமல் 7.15 வண்டியின் படிக்கட்டில் ஒரு கால் மட்டும் வைத்து நின்றுகொண்டிருந்தேன். கைப்பேசி அதிர்ந்தது. வன்னியராஜ் அண்ணன், “மூணு வெளக்கு எடுத்தாச்சு” என்று போட்டிருந்தார். நான் திகைத்துப்போய்ப் பார்க்கையிலேயே ஹம்ஸினி, “கல்லிடை வந்தாச்சு. ஜன்னலோரம் எனக்கு வச்சிருங்கோ” என்று எழுதினார். யஹ்யா, “பத்தமடையில நிக்கேன், வண்டியக் காணல. டிரைவர் தூங்குதாரா?” என்றார். நான் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறுகையால், “சில்லறை இல்லாதவுக எறங்கிருங்க” என்று போட்டேன். படிக்கட்டில் நின்றபடியே வாய்விட்டுச் சிரித்தேன், ஐயா. ஐந்து வாரத்துக்குப் பின் வந்த சிரிப்பு.

8. அன்றிலிருந்து கோமளராணி தினமும் ஓடியது. முதல் வாரம் புது ஹாரன் வைத்தோம். இரண்டாம் வாரம் பஞ்சர் ஆகி வீரவநல்லூரில் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். வன்னியராஜ் அண்ணனா இது என்று நினைக்கும்படி, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நடந்த சண்டையை மூன்று நாள் தொடராக எழுதினார். ஹம்ஸினி இருக்கை எண் போட்டுச் சீட்டு அனுப்பினார். வேலை நேரத்திலும் எனக்கு அதே ஞாபகம். ஒரு கிரயப் பத்திரத்தில் எல்லை விவரம் தட்டும்போது, ‘வடக்கே வாய்க்கால், கிழக்கே வண்டி பத்தமடை தாண்டிட்டு’ என்று தட்டியிருக்கிறேன். பத்திரம் தட்ட வந்த கட்சிக்காரர் நல்லவர். சிரித்துக்கொண்டே திருத்தச் சொன்னார்.

9. ஆகஸ்ட் 2, சனிக்கிழமை, ஹம்ஸினி தம் ஸ்டேட்டஸில், “திங்கட்கிழமை கோமளராணி முழு வேகம்!” என்று வைத்தார். எங்கள் நால்வருக்கான வேடிக்கை அது. யாரோ அதைத் திரையோடு படம் பிடித்துப் பரப்பிவிட்டார்கள். ஞாயிறு சாயங்காலத்துக்குள் அம்பை முழுக்க, ‘6.50 திரும்ப ஓடுது’ என்று பேச்சு. இதை நம்பி வேறொரு பேருந்து நிறுவனத்தார், அந்தப் படத்தைத் தங்கள் ஆய்வாளர் அவர்களுக்கு அனுப்பி, அனுமதியில்லாமல் வண்டி ஓடுகிறது என்று புகார் செய்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எங்களுக்கு வருத்தமில்லை. நாங்கள் ஓட்டிய ஓட்டம் அப்படி.

10. திங்கட்கிழமை காலை 6.40-க்கு மூன்று விளக்கில் முப்பத்தொரு பேர் நின்றார்கள். இடம் பிடிக்கத் துண்டும் கைக்குட்டையும் கையிலேயே இருந்தன. கடைப் படியில் ஏறி நின்று, “வண்டி வராது. நாங்க நாலு பேரு சும்மா வெளையாண்டது. மன்னிச்சிருங்க” என்று சொன்னேன். ஒருவர், “வெளையாட ஒங்களுக்கு நாங்கதான் கெடச்சோமா?” என்று கத்தினார். அவர் சொன்னது நியாயம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கூட்டத்திலிருந்து மஹாலக்ஷ்மி வந்தாள். “எல்லாரும் போன பெறவும் நீ ஏன்க்கா போகல?” என்றாள். “நீ ஏன் போன?” என்று திருப்பிக் கேட்டேன். “காலையில அந்தப் பேரப் பாத்தாலே அழுக வந்துச்சுக்கா” என்றாள்.

11. அந்த நேரத்தில் பாபநாசத்திலிருந்து ஒரு சுற்றுலாப் பேருந்து வந்தது. கோயிலுக்கு ஒரு குடும்பத்தாரை இறக்கிவிட்டு, சாயங்காலம்தான் அவர்களை ஏற்ற வேண்டும் என்பதால், வெறும் வண்டியாக ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் திரு. தாஜ் முகம்மது கூட்டத்தைப் பார்த்து, ஏதோ விபத்து என்று நினைத்து நிறுத்தினார். விஷயத்தைக் கேட்டார். சிரித்தார். “நானும் வண்ணார்பேட்டைக்குத்தான் போறேன். வேலைக்குப் போற ஆளுக நிக்கீய, ஏறுங்க” என்றார். யாரிடமும் எதுவும் வாங்கவில்லை. கேட்கவுமில்லை.

12. அது கல்யாண வண்டி, ஐயா. உள்ளே ஊதா விளக்கு எரிந்தது. பாட்டுப் பெட்டி பாடியது. ஜன்னலுக்கு ஜன்னல் குஞ்சம் தொங்கியது. 6.50-க்குச் சரியாக வண்டி நகர்ந்தபோது நான் உண்மையாகவே, “மூணு வெளக்கு எடுத்தாச்சு” என்று போட்டேன். வேடிக்கை என்று நினைத்து வன்னியராஜ் அண்ணன், “அம்பையில வாழத்தார் ஏத்தணும், பின் கதவத் தொறந்து வைங்க” என்று எழுதினார். அம்பையில் வண்டி அவர் முன்னால் போய் நின்றபோது, அந்தக் காவலாளி எங்களுக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தார். கல்லிடையில் ஹம்ஸினி குடையை எறிந்து ஜன்னலோரம் பிடித்தார். குழுவின் இணைப்பை யாரோ கேட்டார்கள், போட்டேன். அதன்பின் கைப்பேசி ஓயவில்லை. போனவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்தார்கள். ஒவ்வொரு பெயர் வரும்போதும் வண்டிக்குள் கை தட்டினார்கள். மஹாலக்ஷ்மி தூங்கவே இல்லை. ஆடினாள்.

13. சேரன்மகாதேவியில் ஆய்வாளர் அவர்கள் ஜீப்போடு நின்று கையைக் காட்டினார். அவர் தேடியது கோமளராணி. வந்தது குஞ்சம் கட்டிய வண்டி. “இந்த வண்டிக்கு அட்மின் யாரு?” என்று கேட்டார். நான் எழுந்தேன். கூடவே எல்லோரும் எழுந்துவிட்டார்கள். அவர் தலை எண்ணினார். ஐம்பத்தேழு வந்தது. மறுபடி எண்ணினார், ஐம்பத்தொன்பது. “தயவுசெஞ்சு யாரும் சீட்டு மாறாதீங்க” என்று சொல்லி மூன்றாம் முறை எண்ணி ஐம்பத்தெட்டு என்று எழுதிக்கொண்டார். அந்நேரம் முழுக்கப் பாட்டுப் பெட்டி பாடிக்கொண்டே இருந்தது. பதற்றத்தில் தாஜ் முகம்மது அண்ணனுக்கு அதை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்றே மறந்துவிட்டது.

14. ஆய்வாளர் அவர்கள் கடமையில் தவறவில்லை. ஒவ்வொருவரும் எந்த ஊரில் ஏறினார், எத்தனை மணிக்கு எங்கே வேலை என்று கேட்டு எழுதினார். வண்டியின் ஆவணங்களை வாங்கிக்கொண்டார். என்னிடம் அறிவிப்பைத் தந்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்தார். “டூட்டிக்குப் போறவங்கள நடுரோட்டுல எறக்கிவிட எனக்கு மனசில்ல. ஜீப்பு பின்னால வாங்க” என்றார். பத்தமடையில் யஹ்யா முதலில் ஜீப்பைத்தான் பார்த்திருக்கிறார். பிடிக்க வந்துவிட்டார்கள் என்று டீக்கடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். வன்னியராஜ் அண்ணன் இறங்கிப் போய், “ஏலே, வண்டி நெசமாவே வந்துட்டு, வா!” என்று கையைப் பிடித்து இழுத்து வந்தார். எல்லோரும் நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர்ந்தோம்.

15. இனி என் வேண்டுகோள்.

திரு. தாஜ் முகம்மது சட்டப்படி அப்படி ஆள் ஏற்றியிருக்கக் கூடாது என்பதை அறிவேன். ஆனால் அவர் ஏற்றியது, நாங்கள் விளையாட்டாகச் செய்து கெடுத்த ஒரு காலையைச் சரி செய்யத்தான். வாங்கிய ஆவணங்கள் இன்னும் தங்கள் அலுவலகத்தில் உள்ளன. அடுத்த வாரம் ஆவணி பிறக்கிறது. முகூர்த்தங்களுக்கு அவர் ஒப்புக்கொண்ட குடும்பங்கள் காத்திருக்கின்றன. அவரை எச்சரித்து விட்டுவிட வேண்டுகிறேன். தண்டனை என்று ஒன்று உண்டென்றால், நிர்வாகி என்ற முறையில் அது என் பெயருக்கு வரட்டும்.

அடுத்தது 6.50 நடை. போதிய ஆள் இல்லை என்ற காரணத்தால் அது நிறுத்தப்பட்டது. இப்போது தங்கள் ஆய்வாளர் அவர்களே, தம் கையால், மூன்று முறை எண்ணி, ஐம்பத்தெட்டுப் பேர் என்று எழுதி, ஊரும் வேலை நேரமும் சேர்த்துப் பதிவு செய்திருக்கிறார். இதைவிட நல்ல ஆதாரத்தைப் பதினாறு வருடத்தில் எந்த மனுவோடும் நான் இணைத்ததில்லை. அந்த அறிக்கையின் பேரில் அந்த நேரத்தில் எந்த நிறுவனத்தின் வண்டியேனும் ஓட ஆணையிட வேண்டுகிறேன். குஞ்சம் வேண்டாம். பாட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. முடிந்தால் நடத்துநராகப் பெருமாள்ராஜ் அண்ணாச்சி வரட்டும். இது தங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்று தெரியும், எழுதி வைக்கிறேன்.

16. ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நேற்றுக் குழுவில் புதிதாக ஓர் எண் சேர்ந்தது. அறிவிப்பின் அடியில் ஆய்வாளர் அவர்கள் தொடர்புக்காகக் கொடுத்திருக்கும் அதே எண். இது குற்றமில்லை என்று நம்புகிறேன். சேர்ந்த கையோடு அவர், “வண்டி வந்தா வீரவநல்லூர் கீழ ஸ்டாப்புல நிக்குமா? வீட்டுக்காரிக்கு அங்கன இருந்து வந்தாத்தான் தோது” என்று கேட்டிருக்கிறார். ஒரு நாள் ஆகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை. தெரியாத ஒன்றை இனி குழுவில் எழுதுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். தங்கள் உத்தரவு கிடைத்தால் உடனே அவருக்குச் சொல்லிவிடுவேன்.

இடம்: விக்கிரமசிங்கபுரம்
நாள்: 11.08.2025

பணிவும் நம்பிக்கையுமாக,
(ஒப்பம்) கு. இசக்கித்தாய்
நிர்வாகி, ‘6.50 வண்டி’

இணைப்பு: அறிவிப்பின் நகல், பயணிகள் அறுபத்தேழு பேரின் கையொப்பம், குழு உரையாடலின் அச்சுப்படி, பத்தொன்பது பக்கம் (வன்னியராஜ் அண்ணன் எழுதிய சண்டைத் தொடர், அவர் விருப்பப்படி, தனியே இணைக்கப்பட்டுள்ளது).