பால் லாரியில் வந்த கறுப்பு உருண்டை

பிஷ்கெக்,
மே 14, 2016

எர்மெக்கின் அப்பாவுக்கு,

நலம்தானே? நீங்கள் மந்தையோடு மலை மேய்ச்சலுக்கு ஏறிய மறுநாளே நான் நகரத்துக்கு பஸ் ஏறிவிட்டேன். முன்னால் சொன்னால் விட்டிருக்க மாட்டீர்கள். முழுசாகப் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

என் முதுகுவலி பால் கறந்து வந்ததில்லை. படம் எடுத்ததில் முதுகெலும்பில் இரண்டு கட்டை நசுங்கியிருக்கிறது. எலும்புப்புரையாம். உயரமும் ஐந்து சென்டிமீட்டர் குறைந்துவிட்டேன். நம் மகள் நூர்சாத் ஒரு வாரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, இதற்குப் புது மருந்து சோதிக்கும் இடங்களைத் தேடினாள். ஓர் இடத்தில் அறுபது தாண்டியவர்கள் வேண்டாம் என்றார்கள். இன்னொன்று வேறு நாட்டில். மூன்றாவது இங்கேயே இருக்கிறது.

மாதம் ஒரு ஊசி, இரண்டு வருஷம். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர். யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது. சுண்ணாம்புச் சத்து மாத்திரை எல்லோருக்கும் உண்டு. அதைத் தவிர எலும்புக்கென்று வேறு எதையாவது தொட்டால் பெயரை அடித்துவிடுவார்களாம். படிவத்தில் கணவர் பெயர் கேட்டார்கள். உங்கள் பெயரை நான் சொல்வேனா? நூர்சாத்தான் எழுதிக் கொடுத்தாள்.

உங்கள் அம்மா தொடை எலும்பு முறிந்து கிடந்த குளிர்காலத்தை நான் மறக்கவில்லை. போய்ச் சேரும்வரை ஐந்து மாதம் நான்தான் புரட்டிப் படுக்கவைத்தேன். அப்படிக் கிடக்க எனக்குப் பயமாக இருக்கிறது. வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

உங்கள்
ஜிபார்

மேய்ச்சல் கூடாரம்,
மே 29

கிழவிக்கு,

பால் லாரிக்காரன் பெக்போல் உன் கடிதத்தை நீட்டிக்கொண்டே, "என்னண்ணே, இந்த வயசுல அண்ணி ஓடிப்போயிட்டாங்களாமே?" என்றான். சிரித்துவைத்தேன். மனதுக்குள் சிரிக்கவில்லை.

எலிக்குப் போடவேண்டிய ஊசியை உனக்குப் போடுகிறார்கள். அதிலும் பாதி தண்ணீராம். தண்ணீருக்கு நகரம்வரை போகவேண்டுமா? இங்கே ஆறு ஓடுகிறது. உன் மணிக்கட்டு உடைந்தபோது என்ன செய்தோம்? எலும்பு கட்டுகிறவர் கட்டினார், நீ முமியோ தின்றாய், நாற்பது நாளில் வாளி தூக்கினாய். மேற்குப் பாறை இடுக்கில் கசியும் அதே கறுப்புப் பிசினை நானே ஏறி எடுத்து அனுப்பியிருக்கிறேன். காய்ந்த தயிர்க் குருத் உருண்டைகளுக்கு நடுவில் துணியில் முடிந்திருக்கிறது. காலையில் பட்டாணி அளவு, வெதுவெதுப்பான பாலில் கரைத்துக் குடி.

பெண்குதிரைகளை இப்போது மருமகள் கறக்கிறாள். நன்றாகத்தான் கறக்கிறாள், ஆனால் கூடாரத்தில் பேச்சுச் சத்தமே இல்லை. என் கால்சட்டையெல்லாம் நீண்டு தரையில் இழுபடுகிறது. நீ இல்லையென்றால் துணிக்குக்கூடத் திமிர் வந்துவிடுகிறது.

சாத்திபால்டி

பிஷ்கெக்,
ஜூலை 3

எர்மெக்கின் அப்பாவுக்கு,

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு ஊசி ஆகிவிட்டது. ஒவ்வொரு முறையும் டாக்டர் மெடினா, "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்கிறாள். "டீயைத் தவிர ஒண்ணுமில்ல மகளே" என்றேன்.

முமியோ தவறாமல் குடிக்கிறேன். இந்த வருஷத்து முமியோ கொஞ்சம் இனிக்கிறது, பாறைக்குப் பாறை மாறும் போலிருக்கிறது. வலி பாதியாகிவிட்டது, நேற்று சந்தைவரை நடந்தேன். ஊசியோ முமியோவோ, தெரியவில்லை. இந்த வயதில் நீங்கள் அந்தப் பாறையில் தொங்கியதை நினைத்துக்கொண்டுதான் தினமும் விழுங்குகிறேன்.

உங்கள்
ஜிபார்

பிஷ்கெக்,
ஜூலை 24

எர்மெக்கின் அப்பாவுக்கு,

போன கடிதத்துக்குப் பதிலே இல்லை. கோபமா?

நேற்று ரத்தம் கொடுக்கப் போனபோது, நாரினிலிருந்து வந்த ஒருத்தி அழுதுகொண்டே வெளியே வந்தாள். மகன் கொடுத்த முமியோவைத் தின்றதாக நர்ஸிடம் வாய்தவறிச் சொல்லிவிட்டாளாம், பெயரை அடித்துவிட்டார்கள். டாக்டர் அவளிடம், "அதுவும் மருந்துதாம்மா, அது எலும்பை என்ன செய்யும்னு எங்களுக்கே தெரியாது" என்றாள். நான் அங்கேயே நின்றேன். உங்கள் துணி முடிச்சு என் பைக்குள் இருந்தது. அது மருந்து என்று எனக்குத் தோன்றவே இல்லை. வெண்ணெய் போல வீட்டில் எப்போதும் கிடப்பதுதானே?

நூர்சாத், "பேசாம இரும்மா, யாருக்குத் தெரியப்போகுது?" என்கிறாள். என்னால் முடியாது. என் எலும்பு தேறினால் மருந்து நல்லது என்று எழுதுவார்கள். அதை நம்பி நாளைக்கு இன்னொருத்தி ஊசி போட்டுக்கொள்வாள். அது நூர்சாத்தாகவே இருக்கலாம்.

ஆகஸ்ட் முதல் தேதி மூன்றாவது ஊசி. அன்றைக்குச் சொல்லிவிடுவேன், அத்தோடு எனக்கு இந்த வழி மூடிவிடும். எந்தப் பாறை, எவ்வளவு எடுத்தீர்கள் என்று டாக்டர் கேட்பாள். அதற்குள் எழுதுங்கள்.

ஜிபார்

மேய்ச்சல் கூடாரம்,
ஜூலை 28

ஜிபார்,

உன் பெயரை அடிக்க வேண்டியதில்லை. நீ தின்றது முமியோ இல்லை.

பாறைக்குப் போனது நிஜம். ஓர் ஆள் உயரம்கூட ஏறவில்லை, தலை சுற்றிவிட்டது. சறுக்கி உட்கார்ந்தபடி விழுந்தேன், முதுகில் மளுக்கென்று கேட்டது. அன்றிலிருந்து எர்மெக்தான் என்னைக் குதிரையில் தூக்கி வைக்கிறான். வாதம் என்று சொல்லியிருக்கிறேன். நீ பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தாய், நான் வெறுங்கையோடு திரும்பி வந்தேன். பெரிய பாறையேறி என்று ஊரில் எனக்குப் பெயர் வேறு. கூடாரத்துக்குப் பின்னால் சர்க்கரையைக் கருக்கி, கெட்டி டீயில் காய்ச்சி உருட்டினேன். டாக்டரிடம் டீயைத் தவிர ஒன்றுமில்லை என்று நீ சொன்னது சத்தியம்தான்.

வெட்கமாக இருக்கிறது. உன் நன்றியைப் படித்தபிறகு என்னால் பதில் எழுத முடியவில்லை. மிச்ச உருண்டையை டாக்டரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல். இந்தக் கடிதத்தையும் காட்டு.

சாத்திபால்டி

பிஷ்கெக்,
ஆகஸ்ட் 9

எர்மெக்கின் அப்பாவுக்கு,

எல்லாவற்றையும் காட்டினேன். உருண்டையைச் சோதித்தார்கள். சர்க்கரையும் டீயும்தான். எட்டு நாள் ஊசியை நிறுத்திவைத்து, மேலே கேட்டு, இன்றைக்குத்தான் போட்டார்கள். என் பெயர் இருக்கிறது.

உங்கள்மேல் கோபம் தீரவில்லை. பொய் உருண்டைக்கு அல்ல. முதுகு உடைந்ததை மறைத்துவிட்டுக் கால்சட்டை நீள்கிறது என்று எனக்கே வேடிக்கை எழுதினீர்களே, அதற்கு. துணி வளராது. நீங்கள்தான் குறைந்திருக்கிறீர்கள், என்னைப் போலவே.

"ஆம்பளைங்களுக்கும் இது வரும்மா, அவங்கதான் இங்க வர்றதில்ல" என்றாள் டாக்டர். அக்டோபரில் ஆண்களுக்கென்று ஒரு மருந்துச் சோதனை தொடங்குகிறார்கள். முதலில் படம் எடுத்துப் பார்ப்பார்கள், தகுதி இருந்தால் சேர்ப்பார்கள். சேர்வதும் விடுவதும் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. வரிசையில் ஒரு பெயர் மட்டும் எழுதி வைக்கச் சொன்னார்கள்.

நூர்சாத் பேனாவுக்குக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக நானே எழுதினேன்.

சாத்திபால்டி, இனிக் குதிரையில் ஏறாதீர்கள். பெக்போலின் லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து, மெதுவாக வந்து சேருங்கள்.

உங்கள்
ஜிபார்