முதல் பறிப்பு

மாரியம்மன் துணை

வேலந்தாவளம்
5-8-1974

அன்புள்ள அம்மிணி மருதாத்தாளுக்கு அண்ணி ஜானகி எழுதுவது.

நானும் உன் அண்ணனும் சுகம். சித்திரபுரம் குளிரில் நீயும் உன் வீட்டுக்காரரும் மருமகன் காளிச்சாமியும் எப்படி இருக்கிறீர்கள்? பையனுக்கு ஆறு வயதாகியும் மூக்கு ஒழுகுவது நிற்கவில்லையா?

போன பொங்கல் சீர்க்கூடையில் துணியும் வெல்லமும் வந்தது, பிறந்த வீட்டு அவரைக்காய் ஒரு பிஞ்சுகூட வரவில்லை என்று நீ குறைப்பட்டது என் மனதை விட்டுப் போகவில்லை. கொடியை அசுவினி அப்பிப் பூவெல்லாம் கொட்டிப்போனது நிஜம். நீ நம்பவில்லை. "அண்ணிக்கு மனசில்லீங்க, பூச்சி மேல பழி போடறாங்க" என்று கோயில் வாசலில் நாலு பேர் காதுபடச் சொன்னாய். போகட்டும்.

இந்த முறை திட்டம் போட்டுத்தான் இறங்கியிருக்கிறேன். கிணற்றடிக்குத் தெற்கே துவைக்கிற தண்ணீர் பாயும் இடத்தில் அவரைப் பந்தல். அதை ஒட்டிக் கத்தரி இரண்டு பாத்தி, வெண்டை ஒரு பாத்தி. புழு முதலில் அங்கே போய் உட்காரட்டும் என்று வேலி ஓரம் ஆமணக்கு. நடுநடுவே செண்டுமல்லி. விதைத்த நாள், முளைத்த நாள், எந்த இலையில் என்ன பூச்சி என்று எல்லாவற்றுக்கும் தனி நோட்டுப் போட்டிருக்கிறேன். பள்ளிக்கூடம் போகாதவள் எழுதும் எழுத்து, நீ பார்த்தால் சிரிப்பாய்.

உன் அண்ணன் ஒரு டின் எண்டிரின் வாங்கிவந்து, "ஒரே அடி, புழுவெல்லாம் காலி" என்கிறார். சாமிக்கு வைக்கிற காயில் விஷமா? அட்டாலி மேல் ஏற்றி வைத்துவிட்டேன்.

முதல் பறிப்பு உனக்குத்தான். இந்த வீட்டு வழக்கம் நான் வந்த நாளிலேயே மனப்பாடம். தண்ணீர் காட்டக்கூடாது, கத்தி படக்கூடாது. சாமி முன்னால் வைத்து, வீட்டில் பிறந்த பெண்ணின் பிள்ளை பச்சையாகக் கடித்துத் தின்ன வேண்டும். அந்தச் செய்தி வந்த பிறகுதான் எங்கள் உலையில் அவரைக்காய்.

இப்படிக்கு,
உன் அண்ணி ஜானகி


சித்திரபுரம்
2-12-1974

அன்புள்ள அண்ணிக்கு மருதாத்தாள் எழுதுவது.

உங்கள் மூன்று கடிதத்துக்கும் சேர்த்து இந்த ஒரு பதில். கோபித்துக்கொள்ளாதீர்கள். இங்கே மஞ்சு இறங்கினால் பகல் பத்து மணிக்கும் விளக்கு வேண்டும், துணி நான்கு நாளானாலும் காய்வதில்லை.

பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரோசி இல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். அவள் மலையாளத்தில் பேசுவாள், நான் தமிழில் வைவேன், இரண்டு பேருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது. அவள் வீட்டில் எது சுட்டாலும் முதல் துண்டு காளிச்சாமிக்கு.

விஷயத்துக்கு வருகிறேன். பொங்கலுக்கு என் மாமியார் வருகிறார்கள். போன வருஷம் காயில்லாத கூடையைப் பார்த்துவிட்டு அவர்கள் கேட்டது உங்களுக்குத் தெரியாது. "ஏனுங் மருதாத்தா, உங்க பொறந்த ஊட்டுல மண்ணு மலடாப் போச்சுங்களா?" என்றார்கள், பந்தியில் வைத்து. நான் தலை நிமிரவில்லை. உங்கள் நோட்டில் புழுவுக்கெல்லாம் இடம் இருக்கிறது. எனக்கும் ஒரு வரி இருக்குமென்று நம்புகிறேன்.

இந்தத் தைக்கும் காய் வராவிட்டால் நான் இனி அங்கே வரமாட்டேன். விளையாட்டுக்கு எழுதவில்லை.

இப்படிக்கு,
உங்கள் நாத்தனார் மருதாத்தாள்


மாரியம்மன் துணை

வேலந்தாவளம்
12-1-1975

அன்புள்ள அம்மிணிக்கு,

குப்பண்ணன் கையில் சீர்க்கூடை கொடுத்தனுப்புகிறேன். புடவை, மருமகனுக்குச் சட்டைத் துணி, மஞ்சள் கொத்து, வெல்லம். மேலே வாழை இலையில் கட்டியிருப்பது அவரைக்காய். எடை போட்டால் ஒரு வீசைக்குக் குறையாது.

மார்கழிப் பனியில் பந்தல் பூத்ததைப் பார்க்க வேண்டுமே. பின்னாலேயே புழுவும் வந்தது. விடியலில் பனி ஈரத்தோடு சாம்பல் தூவினேன். வேப்பங்கொட்டையை அரைத்துக் கரைத்துத் தெளித்தேன். புகையிலைக் கஷாயம் வைத்து என் கையே கசந்தது. பிறகு ஒவ்வொரு பூவாக விரித்துக் கையால் பொறுக்கினேன். மார்கழி இருபதாம் தேதி அறுபத்தொரு புழு. இருபத்தொன்றில் எண்பத்தெட்டு. இருபத்து மூன்றில் நூற்று நாற்பது. அப்புறம் ஒரு வழி பிறந்தது, புழு நின்றது. அம்மன் கண் திறந்தாள் என்று வைத்துக்கொள்.

உன் மாமியாருக்கு என் வணக்கம். இந்த மண் மலடில்லை என்று சொல்.

ஜானகி


சித்திரபுரம்
18-1-1975

அண்ணிக்கு,

காளிச்சாமி ஆஸ்பத்திரியில் இருக்கிறான்.

பொங்கலன்று காலை சாமி முன்னால் கூடையை வைத்தோம். பையன் முறைப்படி பச்சைப் பிஞ்சைக் கடித்தான். ஆசைப்பட்டு ஒரு கைப்பிடியே தின்றான். மாமியார் முகத்தில் சிரிப்பைப் பார்க்க வேண்டுமே. ஒரு மணி நேரத்தில் வாந்தி. கண் செருகி, கை கால் வெட்டி இழுத்தது. பொங்கல் பானையை அப்படியே போட்டுவிட்டு ஜீப்பில் தூக்கிக்கொண்டு ஓடினோம். என்னவோ விஷம் உள்ளே போயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். மூன்றாம் நாள்தான் என்னை அடையாளம் தெரிந்து "அம்மா" என்றான்.

ரோசி வேலைதான். அன்று காலை அவள்தான் வட்டயப்பம் கொண்டுவந்து ஊட்டிவிட்டாள். அவளுக்குப் பிள்ளை இல்லை, என் பிள்ளை மேல் கண் என்று மாமியார் சொல்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்று அழுதாள். "எங்கிட்ட வராதே, போ" என்று துரத்திவிட்டேன். ரோசி குடும்பத்தைக் குவார்ட்டர்ஸை விட்டுக் காலி பண்ண வைக்க வேண்டும் என்று என் வீட்டுக்காரர் ஆபீசில் மனு கொடுத்திருக்கிறார். குவார்ட்டர்ஸில் ஒருவரும் அவளோடு பேசுவதில்லை.

புதன்கிழமை பையனை வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்கிறார்கள். இனி எவர் வீட்டுப் பண்டமும் அவன் வாயில் படாது. உங்கள் அவரைக்காய் மீதி அப்படியே இருக்கிறது, இந்தக் குளிரில் வாடவில்லை. பத்தியத்துக்கு அதைத்தான் குழைய வேகவைத்துக் கொடுக்கப்போகிறேன். நம்பிக் கொடுக்க அது ஒன்றுதான் இருக்கிறது.

மருதாத்தாள்


தந்தி
21-1-1975

அவரைக்காய் கொடுக்காதே. யாரும் தொடவேண்டாம். குழிதோண்டிப் புதை. கடிதம் பின்னால். ஜானகி.


வேலந்தாவளம்
21-1-1975

மருதாத்தா,

தந்தி கிடைத்திருக்கும். கிடைத்திருக்க வேண்டும். தபாலாபீஸ்காரர் இரண்டு தரம் படித்துக் காட்டிய பிறகுதான் வந்தேன்.

ரோசி ஒன்றும் செய்யவில்லை. செய்தது நான்.

நோட்டில் என் கையால் எழுதியிருப்பதை அப்படியே எழுதுகிறேன். "மார்கழி 24, புதன். அவரைக்கு எண்டிரின் அடித்தது. இருபது நாள் பறிக்கக்கூடாது, கடைக்காரர் சொன்னது." அடுத்த வரி: "மார்கழி 27, சனி. முதல் பறிப்பு." நடுவில் மூன்று நாள் கூட இல்லை.

உன் அண்ணன் அன்று மாட்டுச் சந்தைக்குப் போயிருந்தார். டின்னை அட்டாலியிலிருந்து இறக்கியதும் அடித்ததும் நான். பறிப்பதற்கு முன் கோயிலில் பூக் கேட்டேன். வெள்ளை வந்தால் பறிக்கலாம், சிவப்பு வந்தால் வேண்டாம் என்று இரண்டு பொட்டலம் கட்டிப் போட்டேன். சிவப்புத்தான் வந்தது. பொட்டலம் சரியாகக் கட்டவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி போட்டேன். வெள்ளை வந்தது. பூசாரி திரும்பி என்னைப் பார்த்தார். நான் பார்க்காதவள் போல விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அம்மனிடம் நான் கேட்கவில்லை, மருதாத்தா. பதிலை மடியில் வைத்துக்கொண்டு போனேன். உன் பேச்சுக்குப் பயந்து செய்தேன் என்று எழுதினால் அது பாதி நிஜம். உன் மாமியார் முன்னால் என் காய் ஜெயிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அது மீதி.

அந்தப் பிஞ்சை நான் கழுவியிருந்தால் விஷம் கொஞ்சமாவது போயிருக்கும், ஒன்றை வாயில் போட்டுப் பார்த்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். வழக்கம் என்று இரண்டையும் செய்யவில்லை.

உன் அண்ணனிடம் இப்போதுதான் சொன்னேன். சாப்பிட உட்கார்ந்தவர் எழுந்து போய்விட்டார். இந்தக் கடிதத்தை ரோசிக்குப் படித்துக் காட்டு. ஆபீசிலும் காட்டு. என் பெயரை மறைக்க வேண்டாம். அவர்கள் வீட்டைக் காலி பண்ணும்படி ஆகிவிடக்கூடாது.

பந்தலை வேரோடு பிடுங்கிவிட்டேன். பையன் எப்படி இருக்கிறான் என்று ஒரு வரி எழுது. என்னைப் பற்றி ஒன்றும் எழுத வேண்டாம்.

ஜானகி


சித்திரபுரம்
27-1-1975

அண்ணிக்கு,

தந்தி வந்தபோது காய் நறுக்கி முறத்தில் இருந்தது. உலை கொதித்துக்கொண்டிருந்தது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியாது.

பையன் நடக்கிறான். கொஞ்சம் தள்ளாட்டம் இருக்கிறது, போய்விடும் என்கிறார்கள்.

மனுவைத் திருப்பி வாங்க என் வீட்டுக்காரர் ஒப்பவில்லை. "ஊர் சிரிக்கும். உங்க அண்ணி பேரு கெடும், பரவாயில்லையா?" என்றார். நானே ஆபீசுக்குப் போய் உங்கள் கடிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். அங்கிருந்து நேரே ரோசி வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தாள். உள்ளே கூப்பிடவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "குஞ்ஞினு சுகமாயோ?" என்று மட்டும் கேட்டாள். குழந்தைக்குக் குணமாச்சா என்று. ஆமாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டாள்.

உங்கள் மேல் எனக்கு இருக்கும் ஆத்திரத்தை எழுத இந்தத் தாள் போதாது. ஆனால் ரோசி வாசலில் நின்றபோது எனக்கே தெரிந்தது, நாலு பேர் காதுபடப் பேசுவது எனக்குப் பழக்கம்தான் என்று. உங்களைப் பேசினேன், அவளையும் பேசினேன்.

பையன் மாமனைப் பார்க்க வேண்டும் என்று தினமும் அழுகிறான். பிப்ரவரி பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். ஒரு நிபந்தனை. அரிசியும் பருப்பும் காயும் இங்கிருந்து கொண்டுவருவேன். உங்கள் அடுப்பில் நான் சமைப்பேன், நீங்கள் சமையலறைக்குள் வரக்கூடாது. சமைத்ததை என் கண் முன்னால் முதலில் நீங்கள் சாப்பிட வேண்டும். அப்புறம்தான் என் பிள்ளைக்கு.

சம்மதமானால் எழுதுங்கள். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

மருதாத்தாள்


வேலந்தாவளம்
1-2-1975

அம்மிணி மருதாத்தாளுக்கு,

சம்மதம்.

பஸ் வரும் நேரத்துக்கு உன் அண்ணன் ஜங்ஷனில் நிற்பார். அடுப்பு மெழுகி, விறகு எடுத்து வைத்திருப்பேன். அன்று காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிடாமல் இருப்பேன்.

ஜானகி