சிலேட்டில் யார் பெயர்

சனிக்கிழமை இரவு.

கோடைக்கானல் ஏரிக்கரையில் டிவிக்காரர்கள் தம்பதிகள் போட்டி நடத்தினார்கள். நானும் அவரும் முதுகோடு முதுகாக உட்கார்ந்தோம். ஆளுக்கொரு சிலேட்டு. "வீட்ல முடிவெடுக்கிறது யாருங்க?" என்று கேட்டாள் தொகுப்பாளினி. நான் அவர் பெயரை எழுதினேன். அவர் என் பெயரை எழுதியிருந்தார்.

"அப்போ உங்க வீட்ல பாஸே இல்லையா!" கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான் சிரித்தேன். ஆறுதல் பரிசாக ஒரு குக்கர்.

பஸ் பிடித்து எங்கள் ஊர் வடகவுஞ்சிக்குத் திரும்பினோம். வீட்டுக்குள் வந்து குக்கரை வைத்துவிட்டு அவர் கேட்டார்: "அப்ப, பாப்பாவ ஹாஸ்டல்ல விடணும்னு நீ நெனைக்கலையா?"

"நீங்கதான எடம் கெடச்சிருக்குன்னு சொன்னீங்க?"

"சும்மா சொன்னேன். நீ ஒடனே பெட்டிய எடுத்து அடுக்க ஆரம்பிச்சிட்ட."

அவர் முடிவு செய்துவிட்டார் என்றுதான் அடுக்கினேன். திண்டுக்கல்லில் ஹாஸ்டல் வாசலில் அவள் என் சேலையை விடவே இல்லை. ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டது நான்தான்.

லைட்டை அணைக்கச் சொல்லாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, தெரிகிறது. காலையில் வெள்ளனே திண்டுக்கல்லுக்கு பஸ் இருக்கிறது. போய்க் கூட்டி வந்துவிடலாம் என்று அவர் சொல்வாரா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.