பனிக்கட்டி மேல் எரிந்த விளக்கு

தெற்குச் சித்திரை வீதி,
ஸ்ரீரங்கம்.
புதன்கிழமை

அன்புள்ள தம்பி முரளிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். அங்கே அந்தக் குளிரில் நீயும் வீட்டில் எல்லாரும் நலமாக இருக்க வேண்டும். போன் பண்ணினால் மீட்டிங் என்கிறாய். வாட்ஸ்அப்பில் எழுதினால் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாய். கடிதத்துக்கு அப்படிக் கட்டைவிரல் காட்ட முடியாது. அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

உன் மச்சானுக்குத் தில்லை நகரில் கண்புரை ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்தி விசாரிக்கிறார். நீ கொடுத்தனுப்பிய ஸ்வெட்டர் அளவு சரியாக இருக்கிறது. திருச்சி வெயிலில் இதை எந்த மாதம் போட வேண்டும் என்று உன்னிடம் கேட்கச் சொன்னார்.

அந்த ஸ்வெட்டரைக் கொண்டுவந்த பெண்ணைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

தஸ்லிமா உன் ஆய்வுக்கூடத்தில் உனக்குக் கீழே வேலை பார்க்கிறவள் என்பதும், மலைக்கோட்டைத் துணிக்கடைக்காரர் மகள் என்பதும் மட்டும்தான் எனக்குத் தெரியும். லீவில் வந்த கையோடு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் பாலம் தாண்டி வந்து பொட்டலத்தைக் கொடுத்தாள். வேலையெல்லாம் எப்படிம்மா போகிறது என்று காபி ஆற்றிக்கொண்டே கேட்டேன். சும்மா உபசாரத்துக்குக் கேட்டதுதான். அவள் டம்ளரைக் கையில் வாங்காமலே, திரும்பிப் போவதாக இல்லை, இங்கேயே ஒரு கோச்சிங் சென்டரில் கூப்பிடுகிறார்கள் என்றாள். அப்புறம் அழுதுவிட்டாள்.

நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். பனிக்கட்டி வழியாக எவ்வளவு மின்சாரம் போகிறது என்று அளப்பது உங்கள் வேலை. பனிக்கட்டிப் பெட்டிக்கு மேலே ஒரு விளக்கு. அதை நீ அணைப்பதே இல்லை. அவள் வீட்டிலோ, அறையை விட்டு வெளியே வந்தால் விளக்கை அணைக்காமல் வரக் கூடாது என்று அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அந்தப் பழக்கத்தில் சாப்பிடப் போகும்போது உன் விளக்கையும் அணைத்துவிட்டாள். திரும்பி வந்து பார்த்தால் மின்னோட்டம் இறங்கியிருக்கிறது. விளக்கைப் போட்டாள், மெல்ல ஏறியது.

உனக்கு நான் பாடம் எடுக்க வரவில்லை. புரிந்ததைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்து. வகுப்பில் பிள்ளைகள் எழுந்திருக்காமல் கட்டுரை நோட்டைக் கைமாற்றி முன்வரிசைக்கு அனுப்புவார்கள் இல்லையா? பனிக்கட்டியில் மூலக்கூறுகள் அப்படித்தான் இடத்தை விட்டு நகராமல் புரோட்டானைக் கைமாற்றிவிடுகின்றன. உன் விளக்கில் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரும் இருக்கிறதாம். அது பட்டால் கைமாற்றுவதற்குக் கூடுதலாகச் சில நோட்டுகள் கிடைக்கின்றன. இதுதானே அவள் சொல்வது?

நீ சூடு என்று சொல்லிவிட்டாய். விளக்குச் சூட்டில் ஏறும், அணைத்தால் இறங்கும், கவனக்குறைவாக அணைத்து அளவுகளைக் கெடுத்துவிட்டாள் என்று எல்லாருக்கும் மெயில் போட்டாய். அவளை அந்த வேலையிலிருந்தே எடுத்துவிட்டாய். அடுத்த வருஷம் அவள் அங்கே இருக்க உன் கையெழுத்து வேண்டுமாம். அதையும் நீ போடவில்லை.

மாடியில் காயப்போட்ட சேலை வெளுக்கிறது. இஸ்திரிப் பெட்டியின் சூடு வெயிலை விட எத்தனையோ மடங்கு, அதில் வெளுப்பதில்லை. வெளிச்சம் செய்கிற வேலை வேறு, சூடு செய்கிற வேலை வேறு. இது உனக்குத் தெரியாதா?

அவள் அதையும் பிரித்துப் பார்த்திருக்கிறாள். விளக்கை அணைத்து, ஒரு சின்ன ஹீட்டரால் அதே சூட்டைக் கொடுத்தாளாம். கொஞ்சம் ஏறியது, விளக்குக்கு ஏறிய அளவுக்கு இல்லை. பிறகு விளக்கைப் போட்டு, நடுவில் சாதாரணக் கண்ணாடி ஒன்றை வைத்தாளாம். வெளிச்சம் வருகிறது, புற ஊதா பெரும்பாலும் நின்றுபோகிறது, மின்னோட்டமும் இறங்கிவிட்டது. அந்த அளவுகளை நீ திறந்துகூடப் பார்க்கவில்லையாமே. இதைக் கேட்டதிலிருந்து எனக்கு ஆறவே இல்லை முரளி. புத்தகத்தில் இருக்கிற விடைக்கு ஏற்றபடி ரீடிங்கை அழித்து எழுதும் பிள்ளைகளோடு பள்ளிக்கூட லேபில் காலமெல்லாம் மல்லுக்கட்டினேன். அவர்களாவது மார்க்குக்குப் பயந்து செய்தார்கள். நீ எதற்குப் பயந்தாய்?

உன்னைப் பற்றி அவள் ஒரு சொல்கூடக் குறையாகப் பேசவில்லை. "விளக்கை அணைச்சது என் தப்புதான் டீச்சர். ஆனா அணைச்சப்போ பனிக்கட்டியில நடந்தது தப்பில்லையே" என்றாள். அவ்வளவுதான்.

"அப்படியானால் முரளி இத்தனை வருஷமாக எடுத்த அளவுகள் எல்லாம்..." என்று அவளிடம் கேட்க வாயெடுத்தேன். அவள் தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. எல்லாமே அந்த விளக்கு எரியும்போது எடுத்தவை.

சின்ன வயதில், மலைக்கோட்டை அடிவாரத்து நம் பழைய வீட்டில் கரண்ட் போனால் என் தாவணி முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பாய். இப்போது இங்கே வந்தாலும் ஹால் விளக்கு எரிந்தால்தான் உனக்குத் தூக்கம். அதை நான் தஸ்லிமாவிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த விளக்கை நீ அணைக்காததற்குக் கவனக்குறைவு என்ற பெயரை அவள் தலையில் கட்டியது அநியாயம். பழைய அளவுகளை மறுபடி எடுப்பது கஷ்டம்தான். அதற்கு உதவியாக நிற்க அவளை விட்டால் உனக்கு யார் இருக்கிறார்கள்?

தம்பி வேலையில் தலையிடாதே என்று உன் மச்சான் சத்தம் போடுகிறார். போடட்டும்.

வருகிற மாதம் ஐந்தாம் தேதிக்கு அவள் முன்பே எடுத்த ரிட்டர்ன் டிக்கெட் இன்னும் அப்படியே இருக்கிறது. உனக்குப் பருப்புப் பொடி அரைத்து வைத்திருக்கிறேன், இன்னும் கட்டவில்லை. அவள் கையில் கொடுப்பதா, கூரியரில் போடுவதா என்று நீதான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை, நீயே உன் கையால் அந்த விளக்கை அணைத்துவிட்டு அளந்து பார். இருட்டு ஒரு மாதிரி இருந்தால் எனக்குப் போன் பண்ணு. மீட்டர் முள் இறங்கி நிற்கும்வரை பேசிக்கொண்டிருக்கிறேன்.

நல்லா இருப்பா.

உன் அக்கா,
மட்டுவார்குழலி