தலைவர் இல்லாத தெப்பம்

செட்டிபாளையம்,
12.09.2010

அன்புள்ள மகன் நிதுர்ஷனுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்கு முன்னால் இதை வாசிக்கப்போகிற ஐயாமாருக்கும் என் வணக்கம். இதில் வீட்டுச் சங்கதி மட்டும்தான் இருக்கிறது, அவர்கள் கண்ணைக் கெடுத்துக்கொள்ளத் தேவையில்லை. நானும் தங்கச்சியும் சுகம். வெள்ளிக்கு வெள்ளி களுதாவளைப் பிள்ளையாரிடம் போய் உன்னை வெளியில் விடச் சொல்லிக் கேட்கிறேன். அவரும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

போன தடவை தடுப்பு முகாமுக்கு உன்னைப் பார்க்க வந்தபோது கழுத்தெலும்பு தெரிந்தது. நன்றாகச் சாப்பிடுவதாகச் சொன்னாய். என்னிடம் பொய் சொல்ல நீ இன்னும் பழகவில்லை. கொண்டுவந்து தந்த உடுக்கிற சாரமும் குளிக்கிற சவர்க்காரமும் உன் கைக்கு வந்ததா என்று எழுது. இங்கே சுனாமி வீட்டின் கூரை இரண்டு இடத்தில் ஒழுகுகிறது. முன்சுவரில் கட்டித் தந்தவர்கள் எழுதிய அவர்களுடைய பெயர் மட்டும் ஒரு எழுத்தும் அழியவில்லை. நல்லரத்தினம் மாமா வந்து தகரம் போட்டுத் தருவதாகச் சொன்னார். வாவியில் மீன்பாடு இல்லாததால் அவருக்கும் இப்போது நேரம் இருக்கிறது.

இனி உண்மையான சங்கதிக்கு வருகிறேன். தங்கச்சி கஜானியின் படிப்பு நிற்கப்போகிறது.

அவளுடைய படிப்புச் செலவுக்குப் புலமைப்பரிசில் கொடுக்கிற நிறுவனம், வந்தாறுமூலைக் கம்பஸில் முதலாம் வருடம் படிக்கிற பிள்ளைகளை மூன்று நாள் தலைமைத்துவப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போனது. குழுவாக வேலை செய்யவும் தலைமை தாங்கவும் பழக்குகிறார்களாம். எல்லாம் சுனாமியில் தாயையோ தகப்பனையோ கொடுத்த பிள்ளைகள். அந்தத் தகுதிக்குத்தானே இந்தப் படிப்பே கிடைத்தது. போகும்போது கஜானி சிரித்துக்கொண்டுதான் போனாள். வந்தபோது வாய் திறக்கவில்லை. கூடப் போன காத்தான்குடிப் பிள்ளை ஒருத்தி வீட்டுக்கு வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளையின் பெயர் இங்கே வேண்டாம்.

கடைசி நாள் ஆறு ஆறு பேராகப் பிரித்து, வெறும் கேன், மூங்கில், கயிறு கொடுத்து, தெப்பம் கட்டி வாவியின் அந்தக் கரைக்குப் போய் வரச் சொன்னார்களாம். தாய் தகப்பனைக் கடலுக்குக் கொடுத்த பிள்ளைகளுக்குத் தண்ணீர் விளையாட்டு! எந்த மூளைக்கு இது பட்டது என்று தெரியவில்லை. காத்தான்குடிப் பிள்ளை தெப்பத்தில் கால் வைக்க மாட்டாமல் கரையிலேயே நின்றாளாம். அவளுடைய வாப்பாவும் நம் அப்பாவைப் போலக் கடலோடு போனவர். யாரோ அவளை நடுவில் இருத்தி, கையில் ஒரு கயிற்று நுனியைக் கொடுத்து, தண்ணீரைப் பார்க்காதே, முடிச்சைப் பார், அது அவிழாமல் பார்ப்பதுதான் உன் வேலை என்று சொன்னார்களாம். பாரம் கூடிய பொடியன்கள் இரண்டு பேரையும் எதிரெதிர் மூலையில் இருத்தியதும் யாரோதான். துடுப்புக்குத் தாளம் சொன்னதும் யாரோதான். அது யார் என்று நான் எழுதப்போவதில்லை. எங்கள் வீட்டில் யார் சொல்லி யார் கேட்கிறோம் என்று உனக்குத் தெரியும்.

தங்கச்சியும் அந்தப் பிள்ளையும் இருந்த குழு முதலாவதாக வந்தது. கரையில் பிரதம விருந்தினர் நின்றார். சீருடைக்காரர், பெரிய அதிகாரி. மொழிபெயர்க்க வந்தவர் சத்தமாக, "இந்தக் குழுவின் தலைவர் யார்? முன்னுக்கு வாங்க" என்று கூப்பிட்டார்.

ஆறு பேரும் குனிந்து மண்ணைப் பார்த்தார்களாம்.

அவர் திரும்பவும் கேட்டார். ஏறாவூர்ப் பொடியன் ஒருவன், "ஒருத்தரும் இல்ல சேர், எல்லாரும் சேந்துதான் செஞ்ச" என்றானாம். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்த அதிகாரியின் கையில் பதக்கம் இருந்தது, மகன். பதக்கம் போடத்தான் கூப்பிட்டிருக்கிறார். இந்தப் பிள்ளைகளுக்குப் பதக்கம் கண்ணில் படவில்லை, உடுப்புத்தான் பட்டது. முன்கூட்டிப் பேசி வைத்ததும் இல்லை, ஒருவரையொருவர் பார்த்ததும் இல்லை. அந்த உடுப்போடு வீடு வீடாக வந்து பெயர் கேட்ட காலத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லாமல் நிற்பது தானாக வருகிறது. கடைசியில் அந்தப் பதக்கம், தெப்பம் கவிழ்ந்து நனைந்து வந்த வேறொரு குழுவின் பொடியனுக்குப் போனது. அவன் கேட்டவுடனே கையைத் தூக்கினானாம். பெரிய தலைவனாக வருவான்.

அதோடு விட்டிருக்கலாம். பயிற்சி கொடுத்தவர், பாவம், நல்ல மனதோடுதான், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டு, பயப்படாமல் சொல்லுங்கள், சொன்னது யார் என்று வெளியில் தெரியாது என்றாராம். நீ வவுனியா முகாமில் நின்ற நேரம் எவனோ ஒருவனிடமும் இப்படித்தானே கேட்டிருப்பார்கள். பத்துப் பேரோடு நின்று மண்வெட்டி பிடித்த உன்னை, அவர்களுக்குத் தலைவன், இயக்கத்தின் பொறுப்பாளர் என்று அவன் சொன்னான். அந்த ஒரு சொல்லுக்குத்தான் நீ அங்கே இருக்கிறாய். இது ஐயாமாருக்கும் தெரிந்த கதைதான்.

ஆறு பேரும் அறைக்குள்ளும் ஒரே பதிலைச் சொன்னார்கள். இதைவிட ஒற்றுமையான குழுவை எந்த ஊரில் காண்பது? அதற்குக் கிடைத்தது பூச்சியம். தலைமைத்துவம் வெளிப்படவில்லை என்று நிறுவனம் அறிவித்துவிட்டது. இந்த மாத முடிவுக்குள் தலைவர் யார் என்று ஆறு பேரும் ஒரே பெயரைச் சொன்னால் ஆறு பேருக்கும் புலமைப்பரிசில் தொடருமாம். இல்லாவிட்டால் ஆறு பேருக்கும் நிற்குமாம்.

போன ஞாயிறு மற்ற ஐந்து பேரும் வீட்டுக்கு வந்தார்கள். தேத்தண்ணீர் கொடுத்தேன். தங்கச்சி ஓம் என்று சொன்னால் பெயரைச் சொல்லுகிறோம், சொல்லாதே என்றால் நாங்களும் படிப்பை விடுகிறோம் என்று முன்னால் இருந்தார்கள். அவள், "அண்ணாவயும் ஒரு ஆள் இப்பிடித்தானே சொன்ன. மறுகா என்ன நடந்த?" என்று கேட்டுவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு அவளை அடிக்கவும் வந்தது, கட்டிப்பிடித்து அழவும் வந்தது. அப்பாவைக் கடல் கொண்டுபோனதால் கிடைத்த படிப்பு இது. உன்னைக் கொண்டுபோன சொல் இப்போது அதையும் கொண்டுபோகப் பார்க்கிறது. எங்கள் குடும்பத்தில் இன்னும் என்ன மிச்சம் இருக்கிறது என்று தேடுகிறார்களோ தெரியாது.

பிள்ளைகளுக்குத்தான் பயம், நான் போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று செவ்வாய்க்கிழமை பஸ் ஏறி நிறுவனத்துக்குப் போனேன். வழி முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அங்கே இருந்தவன் நம்முடைய தமிழ்ப் பொடியன்தான், மரியாதையான பிள்ளை. கதிரை போட்டு இருத்தி, பேனாவை எடுத்துக்கொண்டு, "உங்கட மகள்தானே அம்மா தலைவி? சொல்லுங்க, எழுதிக்கொள்றன்" என்றான். நான் அந்தப் பேனாவைப் பார்த்தேன். "எனக்குத் தெரியா மகன்" என்று சொல்லிவிட்டு எழும்பி வந்துவிட்டேன். பஸ்ஸில் ஏறிய பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே எனக்கு உறைத்தது. இதைத் தங்கச்சியிடம் இன்னும் சொல்லவில்லை.

ஆகையால் நீதான் அவளுக்கு எழுத வேண்டும். நான் எந்த வாயால் சொல்வது? அந்தச் சொல்லுக்காக உள்ளே இருப்பவன் நீ. இப்போது பயமில்லை, சொல்லலாம் என்று உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால் அவள் நம்புவாள். நானும் நம்புவேன். மாதம் முடிவதற்குள் எழுது.

ஆனால் மகன், உண்மையிலேயே பயமில்லை என்றால் மட்டும் எழுது. சாப்பாட்டைப் பற்றிச் சொன்னதுபோல எங்களைத் தேற்றுவதற்காக எழுதாதே. நீ ஒன்றும் எழுதாவிட்டால் அதுவும் எங்களுக்கு விளங்கும்.

பிள்ளையார் உன் பக்கத்திலேயே இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
புஸ்பம்