காய்ச்சிய ஒயின்

அன்புள்ள அம்மாவுக்கு, எருசலேமிலிருந்து கெசியா எழுதுகிறேன். நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா இன்னும் மழையில் நனைந்துகொண்டுதான் ஜெபக்கூடத்துக்கு மலையேறுகிறாரா?

போன வெள்ளி இரவு, நான் தங்கியிருக்கும் வீட்டுச் சப்பாத் விருந்தில் ஒரு வேடிக்கை. நம் வீட்டில் அப்பாவுக்கு ஊற்றுவதுபோல, வீட்டுக்காரரின் கிண்ணத்தில் ஒயினை ஊற்றிவிட்டேன். அவர் அதைத் தொடவில்லை. வேறு பாட்டில் வந்தது.

"தப்பா எடுத்துக்காதம்மா. உகாண்டால உங்க வழக்கம் எப்படியோ, நீ இன்னும் முறைப்படி யூதரா மாறல. மத்தவங்க கை பட்ட ஒயினை நாங்க குடிக்கிறதில்ல."

"பொறந்ததுலேர்ந்து சப்பாத் கடைப்பிடிச்சிட்டிருக்கேன். எதுலேர்ந்து மாறணும் ஐயா?"

"சும்மா இருடி," என்று அவர் மகள் ஷிரா என் காலை மிதித்தாள். அவளுக்கும் என் வயதுதான்.

நல்லவர்கள்தான் அம்மா. இப்போது எனக்காகவே காய்ச்சிய ஒயின் வாங்குகிறார்கள். அதை யார் தொட்டாலும் தீட்டில்லையாம்.

அரைத்த நிலக்கடலை கொஞ்சம் அனுப்பு. நம் தோட்டத்துக் காப்பிக்கொட்டையும் வை, தனியாகக் குடிக்கத்தான். வகுப்புக்கு நேரமாகிவிட்டது.

சப்பாத்துக்கு அங்கே யார் ஒயின் ஊற்றுகிறார்கள் என்று அப்பா கேட்டால், நான்தான் என்று சொல். ஊற்றினேன், பொய்யில்லை.

உன் மகள்,
கெசியா